ஒரு நிமிடத்துக்குப் பத்து ரூபாய்

வலது காதில் பஞ்சு.
ஜவ்வு கிழிந்திருக்கிறது என்று
பாம்பன் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா
சீட்டின் பின்னால் படம் போட்டுக் காட்டினாள்.
நத்தை மாதிரி இருந்தது.
ஆறு வாரத்துக்கு முங்கக் கூடாது.

சின்னப்பாலம் ஷேர் ஆட்டோவுக்கு
இன்னும் மூன்று பேர் சேர வேண்டும்.
புதுசாகக் கட்டிய பார்வைக் கோபுரத்தின் நிழல்
ரோட்டைத் தாண்டிக் கிடந்தது.
நிழலுக்குப் போனவள்
டிக்கெட் எடுத்துவிட்டேன்.

பெரியவர் இருபது, சிறியவர் பத்து,
வெளிநாட்டார் நூறு, கேமரா தனி.
"உள்ளூருக்கு?"
"உள்ளூர்க்காரங்க யாருக்கா ஏறுறா?"
கவுண்டர் பையன் சில்லறையைத் தள்ளினான்,
கடைக்காரர்கள் வாங்க மறுக்கிற
பத்து ரூபாய் நாணயம் ஒன்று.
"மேலே செல்லும்" என்றான்.

லிஃப்ட் ரிப்பேர்.
நூற்று நாற்பத்தெட்டுப் படி.
ஆழம் காதில் தெரியும்.
உயரம் முழங்காலில் தெரிகிறது.
பாதி வழியில் மதுரைக்காரர் ஒருவர்
சுவரோடு ஒட்டி நின்றிருந்தார், உதடு வெளுத்து.
"இழுக்காதீங்கண்ணே, விடுங்க.
மூச்சை விடத்தான் தெரிஞ்சிருக்கணும்."
விட்டார். ஏறினார்.

மேலே வாடைக்காற்று
பஞ்சைப் பிடுங்கப் பார்த்தது.
வடக்கே பெண்கடல் நுரை கக்கித் துள்ளுகிறது.
தெற்கே ஆண்கடல்
அடித்துப்போட்ட மாதிரி கிடக்கிறது.
பேர் வைத்தவர் கச்சான் மாதத்தில்
வந்திருப்பார் போல.

"அங்க பார், கறுப்புக் கறுப்பா,
மேகத்தோட நிழல் பார்"
என்றாள் ஒருத்தி, பிள்ளைக்கு.
மேகமே இல்லை.
அவள் சரியாகத்தான் சொல்லிவிட்டாள், தெரியாமல்:
பார்தான் அது.
எங்கள் பேச்சில் பார் என்றால்
தண்ணீருக்குள் கிடக்கும் கல்.
மரிக்கொழுந்துப் பாசி முளைக்கிற கல்,
கையுறை கிழிக்கிற கல்.
பதினாறு வருஷமாய் உள்ளங்கையால் தடவியது
இங்கிருந்து
சட்டையில் பட்ட மைக்கறை.

"ஆளில்லாத தீவு" என்று கை நீட்டினான் காவலாளி.
அங்கே ஒரு பூவரசு மரத்தடியில்
என் தூக்குச்சட்டி மூடி கிடக்கும், போன மாசத்தது.
சொல்லவில்லை.

தூரக்கண்ணாடியில் நாணயத்தைப் போட்டேன்.
மூடி திறந்து, கடல் முகத்தில் வந்து மோதியது.
எங்கள் வத்தை.
சுற்றிலும் தலைகள்.
சிவப்புத் துண்டு பூங்காவனம்.
புருஷனின் மஞ்சள் சட்டை காளீஸ்வரி.
முங்கும்போது காலில் கட்டிய தகரத் தட்டு
வெயிலில் ஒருமுறை மின்னினால் இருளாயி,
அவளுக்குத்தான் அந்த அவசரம்.

கரையேறுமுன் தலை எண்ணுவது என் வேலை.
எண்ணினேன்.
பதினொன்று.

இருக்கட்டும், ஒருத்தி உள்ளே இருப்பாள்.
முப்பது எண்ணும்வரை பார்த்தேன்.
நாற்பது.
படக்கென்று மூடி விழுந்தது.
ஒரு நிமிடம் முடிந்துவிட்டதாம்.
வெறுங்கண்ணுக்குக் கடல்
துடைத்துவைத்த தட்டு.

"அண்ணே, காசு! காசு இருக்கா?"
மதுரைக்காரர் ஏன் என்று கேட்காமல் கொடுத்தார்.
மறுபடியும் எண்ணினேன். பதினொன்று.
அறுபது. எழுபது.
எண்பதுக்கு மேல் யாருக்கும் நிற்காது.
என் மூச்சு எப்போது நின்றதோ,
நெஞ்சு இடிக்கிறது,
வத்தைக்காரன் பீடி பற்றவைக்கிறான்,
யாரும் கத்தவில்லை, யாரும் தேடவில்லை,
பாவி, எண்ணத் தெரியாதா உங்களுக்கு!

காதில் பஞ்சு அரித்தது.

மூச்சை விட்டேன்.
பன்னிரண்டாவது இங்கே நிற்கிறது,
இருபது ரூபாய் டிக்கெட்டோடு.

மிச்ச நேரத்தில்
நான் இல்லாத இடம் எது என்று தேடினேன்.
பதினொரு தலைக்கு நடுவில்
எங்கேயும் பள்ளம் இல்லை.
தண்ணீர் சமமாக இருந்தது.

"என்னம்மா தெரிஞ்சுது? டால்ஃபினா?"
ஆமாம் என்றேன்.
விலகி அவருக்கு இடம் கொடுத்தேன்.
ஒரு கண்ணை மூடி வெகுநேரம் பார்த்தார்.
"ஒண்ணுமே காணோமே?"
"முங்கியிருக்கும். பொறுங்க."
மூடி விழுந்தது.
அவர் சட்டைப்பையில்
இன்னொரு நாணயம் தேடினார்.